முழங்கை மூட்டு நுண்துளை அறுவை சிகிச்சையின் வரலாறு

முழங்கையைச் சுற்றிச் சிறு துளைகள் இட்டு, அவற்றின் வழியே மெல்லிய உள்நோக்குக் கருவியைச் செலுத்தி மூட்டினுள் செய்யப்படும் சிகிச்சை முழங்கை ஆர்த்ராஸ்கோப்பி எனப்படும். முழங்காலுக்காகத் தோன்றிய இம்முறை முழங்கையில் நிலைபெற அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. அதற்குக் காரணம் என்ன?

1912-இல் டென்மார்க் நாட்டு மருத்துவர் செவெரின் நோர்டென்டாஃப்ட், முழங்காலினுள் பார்க்கும் கருவி ஒன்றைப் பெர்லின் மாநாட்டில் அறிமுகப்படுத்தினார். 1918-இல் டோக்கியோவில் கென்ஜி தகாகி, சிறுநீர்ப்பையைச் சோதிக்கும் கருவியைக் கொண்டு இறந்தவர் ஒருவரின் முழங்கால் மூட்டைப் பார்த்தார். நியூயார்க்கின் மைக்கேல் பர்மன், இறந்தோர் உடல்களில் பல மூட்டுகளையும் ஆராய்ந்து 1931-இல் கட்டுரை வெளியிட்டார். முழங்கை மூட்டின் இடைவெளி மிகக் குறுகலானது, கருவிக்கு ஏற்றதன்று என்பது அதில் அவர் கொண்ட முடிவு. மறு ஆண்டே மேலும் ஆராய்ந்து, அம்முடிவை அவரே மாற்றிக்கொண்டார்.

தகாகியின் மாணவர் மசாகி வதனபே 1962-இல் முழங்கால் சவ்வின் கிழிந்த பகுதியை உள்நோக்கி வழியே அகற்றினார். பின்னர்க் கருவிகள் மெலிந்தன. 1985-இல் அமெரிக்காவின் ஆண்ட்ரூஸ், கார்சன் ஆகியோர், நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து முழங்கையில் துளையிடும் முறையை விளக்கினர். 1989-இல் போலிங் குழுவினர் குப்புறப் படுக்கவைக்கும் முறையை வெளியிட்டனர்.

இடைவெளி மட்டுமே இடர் அன்று. முழங்கை மேசை விளிம்பில் இடித்தால் விரல்வரை ஷாக் அடித்தாற்போல் இருக்குமல்லவா? அங்கே அல்நார் நரம்பு எலும்பை ஒட்டி ஓடுகிறது. முன்புறத்தில் நடு நரம்பும் ஆரை நரம்பும் உள்ளன. எனவே துளையிடும் முன் மூட்டில் உப்புநீர் ஏற்றி, முழங்கையைச் செங்கோணமாக மடக்குவர். முன்புற நரம்புகள் எலும்பிலிருந்து சற்று விலகும்.

முழங்கைத் தேய்மான வாதம், கடும் உடலுழைப்புச் செய்யும் ஆண்களிடம் மிகுதி. மூட்டின் விளிம்புகளில் எலும்பு முட்கள் வளர்வதால் கையை முழுவதும் நீட்டவோ மடக்கவோ முடியாது. அன்றாட வேலைகளுக்கு 30 பாகை முதல் 130 பாகை வரை அசைவு தேவை என்று 1981-இல் மோரே குழுவினர் கண்டனர். முட்களைச் செதுக்குவதும், உதிர்ந்த எலும்புத் துணுக்குகளை அகற்றுவதும், இறுகிய மூட்டு உறையைத் தளர்த்துவதும் இழந்த அசைவை மீட்கவே. மேற்கை எலும்பின் கீழ்முனைக் குழியில் துளையிட்டு முட்களை நீக்கும் முறையை, 1970களின் இறுதியில் ஜப்பானின் காஷிவாகி திறந்த அறுவையாகப் பரப்பினார். 1993-இல் ரெடன், ஸ்டான்லி ஆகியோர் அதை உள்நோக்கி வழியே செய்து காட்டினர்.

தேய்ந்த குருத்தெலும்பை இச்சிகிச்சை மீண்டும் வளர்க்காது. நரம்புக் காயத்துக்கும் வாய்ப்பு உண்டு. ஆனால் செயற்கை மூட்டு பொருத்தியவர் பளு தூக்கலாகாது. கையை நம்பிப் பிழைக்கும் உழைப்பாளிக்கு, தன் மூட்டையே இன்னும் சில காலம் பயன்படுத்த இம்முறை வழிசெய்கிறது.

பர்மன் கண்ட குறுகிய இடைவெளி இன்றும் அப்படியேதான் உள்ளது. கருவி மெலிந்தது, நரம்புகளின் பாதை பற்றிய அறிவு தெளிந்தது. தம் முடிவைத் தாமே மீண்டும் சோதித்த அவரது நேர்மையும் இவ்வளர்ச்சியில் ஒரு படி.