பிளேஆஃப் முரட்டு டிஃபென்ஸை கெய்ட்லின் கிளார்க் தாங்குவாரா? முழு விளக்கம்

2024 செப்டம்பர் 22. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள மோஹீகன் சன் அரங்கம். அந்த ஆண்டு அமெரிக்கக் கூடைப்பந்தில் அதிகம் பேசப்பட்ட 22 வயது கெய்ட்லின் கிளார்க் தன் முதல் பிளேஆஃப் மேட்ச்சில் இறங்கினார். 17 ஷாட் எடுத்ததில் கூடைக்குள் விழுந்தவை 4 மட்டுமே. மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து 13 முயற்சி, 2 வெற்றி. அவருடைய இண்டியானா ஃபீவர் அணி 69-93 என்று தோற்றது.

மூன்று நாள் கழித்து அதே அரங்கம், அதே எதிரணியான கனெக்டிகட் சன். இந்த முறை கிளார்க் 25 புள்ளி, 9 அசிஸ்ட். ஆனாலும் ஃபீவர் 81-87 என்று தோற்று வெளியேறியது.

2025 சீசன் முடியும் வரை அவர் ஆடிய பிளேஆஃப் மேட்ச்கள் இந்த இரண்டுதான். முதல் மேட்ச்சை மட்டும் பார்த்தவர்கள் "இவரை அடக்கிடலாம்" என்கிறார்கள். இரண்டாவதைப் பார்த்தவர்கள் "எப்படி அடக்கினாலும் வழி கண்டுபிடிப்பார்" என்கிறார்கள். யார் சொல்வது சரி? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கிளார்க் யார்? ஏன் இவ்வளவு பேச்சு?

ஐயோவா பல்கலைக்கழகத்துக்காக 4 ஆண்டு ஆடி 3,951 புள்ளி எடுத்தவர். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் முதல் டிவிஷனில், ஆண்கள் பெண்கள் இருபாலரையும் சேர்த்தாலும் யாரும் எடுக்காத மொத்தம் அது. 2024 டிராஃப்ட்டில் முதல் ஆளாக இண்டியானா அவரை எடுத்தது. பெண்களுக்கான தொழில்முறை லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ-வில் முதல் ஆண்டிலேயே ஒரு சீசனில் அதிக அசிஸ்ட் (337), ஒரே மேட்ச்சில் அதிக அசிஸ்ட் (19) என்ற சாதனைகளை உடைத்தார். அந்த ஆண்டின் சிறந்த அறிமுக வீராங்கனையும் அவர்தான். 2016-க்குப் பிறகு பிளேஆஃப் பக்கமே போகாத ஃபீவர், அவர் வந்த வருடமே உள்ளே போனது.

அவருடைய ஆயுதம் தூரம். மூன்று புள்ளிக் கோடு கூடையிலிருந்து சுமார் 6.75 மீட்டர். கிளார்க் அதையும் தாண்டி, சில நேரம் 9 மீட்டரிலிருந்தே எறிவார். அதனால் டிஃபெண்டர் அவரை நோக்கி வெளியே வந்தே ஆக வேண்டும். வந்தால் பின்னால் இடம் திறக்கும். அந்த இடத்துக்கு அவர் பாஸ் போட்டுவிடுவார்.

இதில் ஒரு பலவீனமும் ஒளிந்திருக்கிறது. 2024-இல் அவர் ஒரு மேட்ச்சுக்குச் சராசரியாக 5-க்கும் மேற்பட்ட முறை பந்தைப் பறிகொடுத்தார். அதுவும் லீக் சாதனைதான், யாரும் விரும்பாத சாதனை. அவரது முதல் லீக் மேட்ச்சும் இதே மோஹீகன் சன் அரங்கத்தில், இதே சன் அணிக்கு எதிராகத்தான் நடந்தது. அன்று 20 புள்ளி எடுத்தார், 10 முறை பந்தை இழந்தார்.

பிளேஆஃபில் டிஃபென்ஸ் ஏன் முரட்டுத்தனமாகிறது?

மூன்று காரணங்கள்.

முதலாவது, தயாரிப்பு. சாதாரண சீசனில் இன்று ஒரு அணி, நாளை மறுநாள் வேறு அணி. பயிற்சிக்கே நேரம் இருக்காது. பிளேஆஃபில் ஒரே அணியோடு திரும்பத் திரும்ப மோதல். உங்களுக்கு எந்தப் பக்கம் திரும்பப் பிடிக்கும், எந்தக் கை பலவீனம், சோர்ந்தால் என்ன செய்வீர்கள் என்பதையெல்லாம் வீடியோ போட்டுப் பார்த்துவிடுவார்கள். கிரிக்கெட்டில் ஒரு இளம் பேட்டருக்குப் பவுன்சர் சரிவராது என்று தெரிந்தால் அடுத்த தொடர் முழுக்க நெஞ்சு உயரத்துக்கே பந்து வரும், இல்லையா? அதே கதைதான்.

இரண்டாவது, ஆள் கணக்கு. முக்கியமான மேட்ச்சில் கோச் தன் சிறந்த 7, 8 பேரை மட்டுமே நம்புவார். ஓய்வெடுத்து ஆட வாய்ப்பு தரும் பலவீனமான டிஃபெண்டர் எதிரில் வரவே மாட்டார்.

மூன்றாவது, விசில். பிளேஆஃபில் நடுவர்கள் சின்ன உரசல்களைக் கண்டுகொள்ளாமல் விடுவார்கள் என்பது வீரர்களும் கோச்களும் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் விஷயம். விதிப் புத்தகம் மாறுவதில்லை. ஆனால் எதை எவ்வளவு அனுமதிப்பது என்பதில் ஒரு நெகிழ்வு இருக்கிறது. டிஃபென்ஸ் அதன் எல்லை வரை போய்ப் பார்க்கும்.

கிளார்க்கை எப்படி மடக்குகிறார்கள்?

அடுத்த முறை மேட்ச் பார்க்கும்போது இந்த நாலையும் கவனியுங்கள்.

முழுக் கோர்ட் காவல்: பந்து கைக்கு வந்த இடத்திலிருந்தே ஒருவர் ஒட்டிக்கொள்வார். 8 விநாடிக்குள் பாதிக் கோட்டைத் தாண்ட வேண்டும், 24 விநாடிக்குள் ஷாட் எடுக்க வேண்டும். காவலைச் சமாளித்து மேலே வருவதற்குள் பாதி நேரமும் தெம்பும் போய்விடும்.

இருவர் பொறி: சக வீராங்கனை ஸ்கிரீன் போட வரும்போது, அவரைக் காத்துவந்த டிஃபெண்டரும் சேர்ந்து கிளார்க் மீது பாய்வார். பந்தை வேறு யாரிடமாவது கொடுக்க வைப்பதுதான் நோக்கம்.

பந்தில்லாத நேர இடி: பாஸ் கொடுத்துவிட்டு அவர் ஓடத் தொடங்கும்போது இடுப்பில் கை, தோளில் முட்டல். கேமரா பந்தைப் பின்தொடர்வதால் நமக்கு இது பெரும்பாலும் தெரியாது. ஆனால் ஷூட்டரை அதிகம் சோர்வாக்குவது இதுதான்.

எதிர்முனைத் தாக்குதல்: ஃபீவர் டிஃபென்ஸ் ஆடும்போது, கிளார்க் யாரைக் காக்கிறாரோ அவரை வைத்தே தாக்குவார்கள். அங்கேயும் ஸ்கிரீனில் மோதி மோதி ஓட வேண்டியிருந்தால் கடைசி குவார்ட்டரில் காலில் வலு இருக்காது. தூர ஷாட்டுக்குக் கால்தான் முதல்.

2024-இல் சன் அணியில் கிளார்க்கைத் துரத்தும் முக்கியப் பொறுப்பு டிஜோனே கேரிங்டனுடையது. அந்த ஆண்டு லீக்கின் முதல் டிஃபென்ஸ் அணியில் இடம் பெற்றவர். அவரோடு நகரும் மொத்த ஐவருக்கும் தங்கள் இடம் தெரிந்திருந்தது. அந்தத் திட்டத்தின் தலைமைக் கோச் ஸ்டெஃபனி வைட். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முரட்டு ஆட்டத்துக்கும் ஃபவுலுக்கும் கோடு எங்கே?

உடலை முன்னால் வைத்து வழியை மறிப்பது முறையான டிஃபென்ஸ். கையால் பிடிப்பது, தள்ளுவது ஃபவுல். தேவையில்லாத மோதல் என்று நடுவர் கருதினால் அது ஃபிளேக்ரன்ட் 1. தேவையில்லாதது மட்டுமல்ல, அளவுமீறியது என்றால் ஃபிளேக்ரன்ட் 2, ஆளே வெளியே. 2024 ஜூன் 1-ஆம் தேதி சிகாகோ ஸ்கையின் செனடி கார்ட்டர், பந்து ஆட்டத்துக்குள் வரும் முன்பே கிளார்க்கை இடுப்பால் இடித்துத் தள்ளினார். அன்று சாதாரண ஃபவுலாக விடப்பட்டதை, மறுநாள் லீக் ஃபிளேக்ரன்ட் 1 என்று மாற்றியது.

ஆனால் எல்லா மோதலும் அப்படியல்ல. முதல் பிளேஆஃப் மேட்ச்சில் கேரிங்டனின் விரல் கிளார்க்கின் கண்ணில் பட்டது. சமூக வலைதளங்களில் பெரிய சண்டையே நடந்தது. வேண்டுமென்றே செய்ததல்ல என்று சொன்னவர்களில் கிளார்க்கும் ஒருவர். அதற்குப் பிறகும் சன் வீராங்கனைகளுக்கு இனவெறி வசைகள் வந்தன. லீக் அதைக் கண்டித்து அறிக்கை விட வேண்டியிருந்தது. "கிளார்க்கால் தாங்க முடியுமா" என்ற கேள்வி சில நேரம் "அவரைத் தொட்டதே குற்றம்" என்று மாறிவிடுகிறது. நன்றாக டிஃபென்ஸ் ஆடுவது சக வீராங்கனைகளின் வேலை, அவர்களுடைய சம்பளமும் அதற்குத்தான். இதை மறந்துவிட்டுப் பேசினால் ஆட்டத்தைப் பற்றிய பேச்சே இல்லாமல் போகும்.

2025-இல் என்ன ஆனது?

தோல்விக்குப் பிறகு ஃபீவர் ஒரு புத்திசாலித்தனமான வேலை செய்தது. கிளார்க்கை மடக்கிய அணியின் கோச் ஸ்டெஃபனி வைட்டையே அழைத்து வந்தது. பூட்டு செய்தவர் கையிலேயே சாவியைக் கொடுத்த மாதிரி. கிளார்க்கும் ஓய்வுக் காலத்தில் உடற்பயிற்சியில் இறங்கித் தசை ஏற்றிக்கொண்டு வந்தார்.

ஆனால் உடல் வேறு கணக்கு வைத்திருந்தது. கல்லூரியிலும் முதல் லீக் சீசனிலும் ஒரு மேட்ச்சைக்கூடத் தவறவிடாதவர், 2025-இல் 44-இல் 13 மட்டுமே ஆடினார். தொடைத் தசை, பிறகு கவட்டைத் தசை என அடுத்தடுத்து இழுப்பு. ஜூலை 15-க்குப் பிறகு கோர்ட்டுக்கே வரவில்லை. இவை பெரும்பாலும் தசைக் காயங்கள். எதிரணி இடித்ததால் வந்தவை என்று நேரடியாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் பிளேஆஃபைத் தாங்குவதற்கு முதல் நிபந்தனை, பிளேஆஃபில் இருப்பது.

அவர் இல்லாமலே ஃபீவர் அட்லான்டாவை வென்று அரையிறுதி போனது. அங்கே, பிறகு சாம்பியனான லாஸ் வேகஸ் ஏசஸை ஐந்தாவது மேட்ச்சின் கூடுதல் நேரம் வரை இழுத்துச் சென்று தோற்றது. "அப்போ கிளார்க் தேவையில்லையா?" என்று கேட்கத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். இது அவருக்கு நல்ல செய்தி. ஏன் என்று அடுத்த பகுதியில் புரியும்.

முன்னால் இதைத் தாண்டியவர்கள் எப்படித் தாண்டினார்கள்?

ஆண்கள் லீக்கான என்.பி.ஏ-வில் இந்தக் கேள்வி மைக்கேல் ஜோர்டனிடமே கேட்கப்பட்டது. 1988 ஏப்ரலில் அவர் டெட்ராய்ட் பிஸ்டன்ஸுக்கு எதிராக 59 புள்ளி எடுத்தார். கடுப்பான பிஸ்டன்ஸ் கோச் சக் டேலி அவருக்கென்றே ஒரு திட்டம் வகுத்தார். அதற்கு "ஜோர்டன் ரூல்ஸ்" என்றே பெயர் வந்தது. பக்கவாட்டில் தள்ளு, இரண்டு பேராகச் சூழ், உள்ளே வந்தால் கீழே விழாமல் போகக் கூடாது. 1988, 1989, 1990 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து சிகாகோ புல்ஸ் பிஸ்டன்ஸிடம் தோற்றது.

பிறகு என்ன மாறியது? ஜோர்டன் டிம் குரோவர் என்ற பயிற்சியாளரோடு சேர்ந்து உடலை ஏற்றினார். அது பாதிக் கதை. மீதிப் பாதி, 1989-இல் தலைமைக் கோச்சான ஃபில் ஜாக்சன் கொண்டுவந்த டிரையாங்கிள் ஆட்டமுறை. பந்து எப்போதும் ஜோர்டன் கையிலேயே இருக்கத் தேவையில்லை என்பதுதான் அதன் சாரம். ஸ்காட்டி பிப்பனும் அதற்குள் வளர்ந்திருந்தார். 1991-இல் பிஸ்டன்ஸை 4-0 என்று துடைத்தெறிந்தது புல்ஸ்.

கிளார்க்குக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் ஸ்டெஃபன் கரி. அவரும் தூர ஷூட்டர், அவரையும் "ஒல்லி, தாங்க மாட்டார்" என்றார்கள். 2011, 2012 இரண்டு ஆண்டும் கணுக்காலில் அறுவை சிகிச்சை. 2011-12 சீசனில் 66-இல் 26 மேட்ச்தான் ஆடினார். அடுத்த சில ஆண்டுகளில் இடுப்புக்குக் கீழே வலுவைக் கட்டினார். பொறி வைத்தால் பந்தை டிரேமண்ட் கிரீனிடம் தள்ளிவிடக் கற்றார். இருவர் கரி மேல் இருந்தால் மீதி நால்வருக்கு எதிரில் மூவர்தான். பாஸ் போட்ட பிறகு நிற்காமல் ஓடி, மறுபடி பந்தை வாங்கினார். 2015-இல் எம்.வி.பி. 2022 இறுதிப் போட்டியில், அப்போது லீக்கின் மிகக் கடுமையான டிஃபென்ஸ்களில் ஒன்றான பாஸ்டன் செல்டிக்ஸுக்கு எதிராக, அவர்கள் ஊரிலேயே 43 புள்ளி.

இருவரிடமும் பொதுவாக ஒன்றைப் பார்க்கலாம். அடியைத் தாங்கும் உடலை மட்டும் அவர்கள் கட்டவில்லை. தன்னை அடிப்பதால் எதிரணிக்கு லாபமில்லாத அணியையும் சேர்த்தே கட்டினார்கள்.

அப்போ பதில் என்ன?

"தாங்குவாரா?" என்பது உண்மையில் மூன்று கேள்விகள்.

ஒன்று, உடல். ஒரு முழு சீசன் ஆடிவிட்டு பிளேஆஃபுக்கு நல்ல காலோடு வர முடியுமா? இதற்கு 2024 ஆம் என்றது, 2025 இல்லை என்றது. இன்றைக்கு மிகப் பெரிய சந்தேகம் இங்கேதான்.

இரண்டு, முடிவெடுப்பது. இருவர் பாயும்போது ஒரு விநாடி முன்னதாகவே பந்தை விடுகிறாரா? முதல் பிளேஆஃபின் இரண்டாவது மேட்ச் இதற்கு நம்பிக்கை தருகிறது. மூன்றே நாளில் அவர் பாடம் கற்றார். ஆனால் ஒரு மேட்ச்சை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

மூன்று, துணை. அவர் விட்ட பந்தை யார் வாங்குகிறார்கள்? அலியா பாஸ்டன் நடுவில் வாங்கி மூவருக்கு எதிராக நால்வர் என்ற கணக்கைப் பயன்படுத்த வேண்டும். கெல்சி மிட்செல் போன்றவர்கள் பந்தை மேலே கொண்டுவந்து கிளார்க்கின் சுமையைக் குறைக்க வேண்டும். கிளார்க் இல்லாமல் அரையிறுதி வரை போன அணிக்கு இது முடியும் என்பதுதான் 2025 சொன்ன நல்ல செய்தி. பிப்பன் வளராத புல்ஸிலிருந்தும், வளர்ந்த புல்ஸிலிருந்தும் ஜோர்டனுக்குக் கிடைத்த வித்தியாசம் அது.

எனவே அடுத்த முறை அவர் பிளேஆஃப் ஆடும்போது புள்ளிக் கணக்கை மட்டும் பார்க்காதீர்கள். பந்து கையில் இல்லாத நேரத்தில் அவரைப் பாருங்கள். பொறி விழுந்ததும் பந்தைக் கொடுத்துவிட்டு நிற்கிறாரா, இல்லை இடித்துத் தள்ளினாலும் ஓடிப்போய் மறுபடி வாங்குகிறாரா? நான்காவது குவார்ட்டரிலும் ஓடிக்கொண்டிருந்தால், பதில் உங்களுக்கே தெரிந்துவிடும்.