ஒரு பிள்ளை பெற்றால் சரியாகிவிடும்

"ஏட்டி, ஒரு கல்யாணம் ஆயி, ஒரு புள்ளயப் பெத்துட்டா எல்லாம் சரியாப் போவும்." என் ஆச்சி இதைச் சொன்னபோது எனக்குப் பதினான்கு வயது. கோவில்பட்டி பக்கத்துக் கிராமம். அடுப்படிக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தேன். பக்கத்தில் ஒரு சொம்பில் வெந்தயம் ஊறிய தண்ணீர், தட்டில் உளுந்தங்களி. அன்று அரையாண்டுத் தேர்வில் கணக்குப் பரீட்சை. போகவில்லை. அடுத்த மாதமும் அதே நாட்களில் பள்ளிக்கூடம் போகவில்லை. டீச்சர் கேட்டால் வயிற்றுப்போக்கு என்று சொல்லச் சொன்னாள் அம்மா.

எனக்கு இருந்தது எண்டோமெட்ரியோசிஸ் என்று தெரிந்தபோது வயது முப்பத்தி மூன்று. நடுவில் பத்தொன்பது வருடங்கள். அவற்றில் ஒரு குடல்வால் அறுவை சிகிச்சை உண்டு (குடல்வால் நன்றாகத்தான் இருந்தது என்று பிறகு சொன்னார்கள்). "உங்க மனசுலதான் பிரச்சினை" என்று சொன்ன ஒரு மருத்துவர் உண்டு. ஒரு முனைவர் பட்ட ஆய்வேடு உண்டு. ஆச்சி சொன்ன மருந்தும் உண்டு, கல்யாணம். இருபத்தி ஏழில் அதையும் சாப்பிட்டுப் பார்த்தேன். படுக்கையில் உயிர் போகிற வலி என்ற புதிய விஷயம்தான் கூடுதலாகக் கிடைத்தது. அதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் மூன்று வருடம் சொல்லவில்லை.

நோயின் பெயர் தெரிந்த பிறகு, தமிழ் படித்தவள் செய்யக்கூடிய ஒரே காரியத்தைச் செய்தேன். அதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படிக்கப் படிக்க ஆச்சியின் மேல் இருந்த கோபம் குறைந்தது. அவள் சொன்னது அவள் கண்டுபிடித்த மருந்தே இல்லை. இரண்டாயிரத்து நானூறு வருடப் பழைய மருந்து.

ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் கிரேக்க மருத்துவ நூல்களில் கன்னிப் பெண்களின் நோய்களைப் பற்றிச் சிறியதாக ஒன்று இருக்கிறது. பூப்படைந்தும் மணமாகாத பெண்களின் உடம்பில் ரத்தம் வெளியேற வழியில்லாமல் தேங்கி இதயத்தையும் உதரவிதானத்தையும் அழுத்துகிறது, அதனால் அவர்களுக்குச் சித்தம் கலங்குகிறது என்கிறது அது. தூக்கு மாட்டிக்கொள்ளவும் கிணற்றில் குதிக்கவும் தூண்டப்படுகிறார்களாம். பூசாரிகளின் பேச்சைக் கேட்டு ஆர்ட்டெமிஸ் தெய்வத்துக்குத் துணிமணிகளைக் காணிக்கை செலுத்தும் வழக்கத்தை அந்நூல் கேலி செய்கிறது. பிறகு தன் பகுத்தறிவு மருந்தைச் சொல்கிறது: சீக்கிரம் கட்டிக் கொடுங்கள், கருவுற்றால் குணமாகிவிடுவார்கள். கிணறு என்ற சொல்லை அங்கே பார்த்ததும் சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்தேன். வயிற்றுவலி தாங்காமல் கிணற்றில் விழுந்த பெண் என்று எங்கள் ஊரில் தலைமுறைக்கு ஒரு கதையாவது சொல்வார்கள். செய்தித்தாளிலும் 'தீராத வயிற்றுவலி' என்று ஒரு வரி வரும். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

கர்ப்பப்பை ஒரு மிருகம் போல உடம்புக்குள் அலைகிறது என்ற எண்ணமும் கிரேக்கர்களிடம் இருந்தது. பிளேட்டோவே எழுதியிருக்கிறார். மூக்குக்கு அருகே நாற்றமும் யோனிக்கு அருகே நறுமணமும் காட்டி அதைக் கீழே இறக்குவார்கள். கிரேக்க மொழியில் கர்ப்பப்பைக்குப் பெயர் ஹிஸ்டெரா. ஹிஸ்டீரியா அதிலிருந்து வந்தது. ஹிஸ்டீரியா என்று முத்திரை குத்தப்பட்ட பெண்களில் பலருக்கு உண்மையில் எண்டோமெட்ரியோசிஸ்தான் இருந்தது என்று 2012இல் நெஜாத் குடும்பத்து மருத்துவர்கள் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. இறந்துபோன பெண்களுக்கு நாம் நோய் கண்டுபிடிக்க முடியாது. அவர்களில் சிலருக்கு வலிப்பு இருந்திருக்கும், சிலருக்கு வீட்டில் இருந்த ஆணே நோயாக இருந்திருப்பான். ஆனால் வலி என்று சொன்ன பெண்ணை நம்பாமல் இருப்பதற்கு ஒரு சொல்லை மருத்துவம் உருவாக்கி, அதை இரண்டாயிரம் வருடம் பத்திரமாக வைத்திருந்தது என்பதில் சந்தேகமில்லை.

நுண்ணோக்கியின் வழியாக இந்நோய் வெளியே வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். வியன்னாவில் கார்ல் ஃபான் ரோக்கிட்டான்ஸ்கி 1860இல், கர்ப்பப்பையின் உட்சவ்வைப் போன்ற திசு, இருக்கக் கூடாத இடத்தில் வளர்ந்திருப்பதை விவரித்தார். அவருக்குப் பின் அமெரிக்காவின் பால்டிமோரில் தாமஸ் கல்லன் கர்ப்பப்பைச் சுவருக்குள்ளேயே அத்திசு புகுந்து வளர்வதைப் பற்றி 1908இல் பெரிய நூலே எழுதினார். பெயர் வைத்தவர் நியூயார்க் மாநிலத்து ஆல்பனி நகரில் இருந்த ஜான் சாம்ப்சன். சூலகத்தில் பழைய ரத்தம் தேங்கிக் கெட்டியான பழுப்பு நிறத்தில் நிற்கும் கட்டிகளை 1921இல் விவரித்து 'சாக்லேட்' கட்டி என்றார். 'எண்டோமெட்ரியோசிஸ்' என்ற சொல் 1920களின் நடுவில் அவரிடமிருந்து வந்தது. மாதவிடாய் ரத்தத்தில் ஒரு பகுதி கீழே போகாமல் கருக்குழாய் வழியாகப் பின்னோக்கிப் போய் வயிற்றுக்குள் விழுந்து அங்கே ஒட்டி வளர்கிறது என்று 1927இல் ஒரு விளக்கமும் கொடுத்தார். ரத்தம் பின்னோக்கிப் போவது பெரும்பாலான பெண்களுக்கு நடப்பதுதான் என்று பின்னால் தெரிந்தது. அப்படியானால் சிலருக்கு மட்டும் ஏன் அது ஒட்டி வளர்கிறது? நூறு வருடம் ஆகப்போகிறது, அந்தக் கேள்வி இன்னும் முடியவில்லை.

எனக்கு ஸ்கேன் எடுத்தவர் 'சாக்லேட் சிஸ்ட்' என்றார். அம்மா வெளியே வந்ததும், "சின்னதுல நீ திங்காத சாக்லேட்டா, அப்பவே சொன்னேன்" என்றாள். சிரித்தேன். சாம்ப்சனுக்கு இது கேட்டிருக்க வேண்டும்.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் ஆத்திரம் வந்த இடம் கிரேக்கம் இல்லை, பாஸ்டன். ஜோ வின்சென்ட் மெய்க்ஸ் அங்கே புகழ்பெற்ற மகப்பேறு, பெண்கள் நோய் மருத்துவர். கட்டணம் கட்டி வரும் வசதியான நோயாளிகளிடம் இந்நோய் அதிகம் இருப்பதைக் கண்டார். காரணம் என்று அவருக்குத் தோன்றியது தாமதத் திருமணமும் தள்ளிப்போட்ட பிள்ளைப்பேறும். 1941இல் தொடங்கிப் பல கட்டுரைகளில், பெண்கள் சீக்கிரம் மணந்து சீக்கிரம் பெற வேண்டும் என்று வலியுறுத்தினார். போர் முடிந்து, ஆலைகளிலும் அலுவலகங்களிலும் வேலை பார்த்த பெண்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. 'வேலைக்குப் போகும் பெண்களின் நோய்' என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. படித்த, பதற்றக்காரி, முப்பது கடந்த வெள்ளைக்காரி: பாடப்புத்தகங்களில் எண்டோமெட்ரியோசிஸ் நோயாளியின் முகம் இதுவாகிவிட்டது.

அந்த முகத்தில் சேராதவர்கள் என்ன ஆனார்கள்? சிகாகோவில் டொனால்ட் சாட்மன் என்ற கறுப்பின மருத்துவர் 1976இல் அதைத்தான் கேட்டார். அவரிடம் வந்த கறுப்பினப் பெண்களில் கணிசமானோருக்கு இந்நோய் இருந்தது. ஆனால் அவர்களில் பலருக்கு முன்பே வேறொரு பெயர் சூட்டப்பட்டிருந்தது, இடுப்புக்குழித் தொற்று. அது பெரும்பாலும் பாலுறவால் பரவுவது. ஒரே வலிக்கு வெள்ளைப் பெண்ணிடம் 'ஏன் இன்னும் பிள்ளை பெறவில்லை' என்றும் கறுப்புப் பெண்ணிடம் 'யாரோடெல்லாம் படுத்தாய்' என்றும் கேட்டிருக்கிறது மருத்துவம். இதை வகுப்பில் சொல்லும்போது மாணவிகள் பக்கத்தில் இருப்பவளைத் திரும்பிப் பார்ப்பார்கள். விளக்க வேண்டியதில்லை.

ஆச்சியின் பேச்சில் அரைத் துளி உண்மை இருக்கிறது என்பதையும் எழுதிவிட வேண்டும். கர்ப்ப காலத்தில் மாதவிடாய் நிற்பதாலும் ஹார்மோன்கள் மாறுவதாலும் சிலருக்கு வலி அடங்கும். பிறகு திரும்பி வரும். அடங்குவது குணமாவது அல்ல. போதாததற்கு, இந்நோய் உள்ள பலருக்குக் கருத்தரிப்பதே கடினம். சூலகமும் கருக்குழாயும் குடலும் தழும்புகளால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும்போது 'பிள்ளை பெற்றுக்கொள்' என்பது, கால் உடைந்தவளிடம் நடந்தால் சரியாகிவிடும் என்பதைப் போன்றது. எனக்குப் பிள்ளை தங்கவில்லை. அந்த வகையில், நான் மருந்து சாப்பிடாத நோயாளி. ஊரில் அதற்கு வேறு சொல் இருக்கிறது, அதை இங்கே எழுத விருப்பமில்லை.

இங்கிலாந்து நாவலாசிரியர் ஹிலாரி மாண்டெல் மாணவியாக இருந்தபோது வலி என்று போனார். மனநல மருத்துவரிடம் அனுப்பப்பட்டார், மனநோய் மாத்திரைகள் கொடுக்கப்பட்டன. கணவரோடு ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானாவில் வசித்தபோது ஒரு மருத்துவப் பாடநூலைப் படித்துத் தன் நோயைத் தானே கண்டுபிடித்தார். லண்டனில் அறுவை சிகிச்சை நடந்தது. கர்ப்பப்பை, சூலகங்கள், குடலிலும் சிறுநீர்ப்பையிலும் ஒரு பகுதி எல்லாம் போயின. அப்போது வயது இருபத்தி ஏழு. பின்னாளில் இரண்டு முறை புக்கர் பரிசு வாங்கினார். சென்னையில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த பத்மா லட்சுமிக்குப் பதின்மூன்று வயதில் தொடங்கிய வலிக்கு முப்பத்தி ஆறில்தான் பெயர் கிடைத்தது. 2009இல் இதற்காக ஓர் அறக்கட்டளையை அவர் தன் மருத்துவரோடு சேர்ந்து தொடங்கினார். நூலறிவும் வசதியும் இங்கிலீஷும் இருந்தவர்களுக்கே இந்தக் கதி.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, மாதவிடாய்ப் பருவத்தில் இருக்கும் பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இந்நோய் இருக்கிறது. மொத்தம் 19 கோடி. ஆஸ்திரேலியாவின் சுகாதார அமைச்சர் 2017 டிசம்பரில் இப்பெண்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார், அடுத்த வருடம் அங்கே தேசியத் திட்டம் வந்தது. அது தானாக வந்ததில்லை. 1980இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் மேரி லூ பால்வெக் போன்ற பெண்கள் தொடங்கிய சங்கம் முதல், நோயாளிகள் தங்கள் வலியைத் தாங்களே கேள்வித்தாள்களில் எழுதித் தொகுத்த வேலையின் தொடர்ச்சி.

நம் ஊருக்கு வருகிறேன். 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் சுமார் நூறு பெண்களிடம் பேசினார்கள். மாதவிடாய் வலி என்று சொன்னால் மேற்பார்வையாளர்கள் பெயர் அச்சிடாத மாத்திரைகளைக் கொடுத்து மெஷினில் உட்கார வைத்திருக்கிறார்கள். விடுப்பு எடுத்தால் சம்பளம் போகும். அந்தப் பெண்களில் எத்தனை பேருக்கு எண்டோமெட்ரியோசிஸ் என்று யாரும் பார்க்கவில்லை, வயிற்றுக்குள் குழாய்விட்டுப் பார்க்கும் சோதனை அவர்களுக்கு எட்டாத தூரம். அதே வருடம் மராட்டியத்தின் பீட் மாவட்டத்துக் கரும்பு வெட்டும் பெண்கள் பலர் இளம் வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துவிட்ட செய்தியும் வந்தது. வலியோடு வெட்ட முடியாது, ஒருநாள் வராவிட்டால் அபராதம். மெய்க்ஸ் இவர்களைப் பார்த்திருந்தால் 'வேலைக்குப் போகும் பெண்களின் நோய்' என்று சொல்வதற்கு முன் கொஞ்சம் யோசித்திருப்பார்.

தமிழில் இதற்கு என்ன பெயர்? 'இடமகல் கருப்பை அகப்படலம்' என்று ஒரு கலைச்சொல் உண்டு. சரியான சொல்தான், ஆனால் வலியில் இருப்பவள் அதைச் சொல்லி முடிப்பதற்குள் மயங்கிவிடுவாள். பெரும்பாடு, சூதகவலி என்ற பழைய சொற்கள் இருக்கின்றன. அவை அறிகுறியைச் சொல்கின்றன. 'தூரம்', 'தீட்டு' என்பவை அவள் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்கின்றன. புறநானூற்றின் 299ஆம் பாட்டில் பொன்முடியார், ஒதுங்கி நிற்கும் குதிரைகளுக்கு உவமையாக, முருகன் கோயிலில் பாத்திரம் தொடாமல் விலகி நிற்கும் பெண்களைச் சொல்கிறார். பாடியது ஒரு பெண். அவளுக்கும் தூரம்தான் கண்ணில் பட்டிருக்கிறது. பழைய இலக்கியத்தில் 'வலி' என்றால் பெரும்பாலும் வலிமை. குறளில் 'வலியறிதல்' அதிகாரம் அரசன் பலத்தை அறிவதைப் பற்றியது. இருபது வருடமாக அதை நடத்துகிறேன். ஒரு தடவை நடத்திக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். முகம் வெளுத்து வியர்த்திருந்தது. "ஒண்ணுமில்ல மேம், வழக்கமா வர்றதுதான்" என்றாள். எத்தனை வருடமாக என்று கேட்டேன். விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள். அவளைப் பெரியாஸ்பத்திரிக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். அவளுடைய அம்மா போனில் சொன்னது: "வர்ற தையில கல்யாணம் வச்சிருக்கோம் டீச்சர், அப்புறம் சரியாயிரும்." நான் அந்த அம்மாவிடம் ஒரு மணி நேரம் பேசினேன். கல்யாணம் தள்ளிப்போகவில்லை, சிகிச்சை மட்டும் தொடங்கியது.

என் அம்மாவுக்குக் கர்ப்பப்பையை எடுத்தபோது அவளுக்கு முப்பத்தி எட்டு வயது, நான் பத்தாம் வகுப்பு. எதற்கு எடுத்தார்கள் என்று கேட்டால், "ரொம்பப் பட்டுச்சு, எடுத்துட்டாங்க" என்பாள். போன வருடம் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது ரேஷன் கார்டு, பத்திரங்கள் இருந்த தகரப் பெட்டியில் ஒரு பழுப்புக் காகிதம் கிடைத்தது. எடுத்த கர்ப்பப்பையைச் சோதித்த அறிக்கை. இங்கிலீஷில் தட்டச்சு செய்த ஐந்தாறு வரிகள். கடைசி வரியில் 'அடினோமயோசிஸ்'. கல்லன் எழுதிய அதே நோய், கர்ப்பப்பைச் சுவருக்குள் திசு புகுந்து வளர்வது. என் நோய்க்கு அக்கா தங்கை மாதிரி. அந்தக் காகிதத்தை வாங்கி வந்த அப்பாவுக்கும் வைத்திருந்த அம்மாவுக்கும் அதில் என்ன இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

"அதுல என்னத்த எழுதிருக்கு?" என்றாள் அம்மா. சொன்னேன். என்ன நோய், எப்படி வரும், எவ்வளவு வலிக்கும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். ரொம்ப நேரம் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நெசமாவே வலிச்சிருக்கு" என்றாள். பிறகு சின்னச் சித்திக்குப் போன் போடச் சொன்னாள், அவளுக்கும் இதே மாதிரிதான் எடுத்தார்கள், அவளிடமும் சீட்டு இருக்கும், தேடச் சொல்லணும் என்று.