நகுலமாதாவும் ஆதிரையும்

பௌத்தம் என்றால் துறவு, காதலுக்கு அங்கே இடமேது என்று கேட்பவர்களுக்கு இரண்டு வீடுகளைக் காட்டலாம். ஒன்று, பாலி நூலான அங்குத்தர நிகாயத்தில் வரும் நகுலபிதா, நகுலமாதாவின் வீடு. மற்றது, தமிழ்க் காப்பியமான மணிமேகலையின் 16ஆம் காதையில் வரும் சாதுவன், ஆதிரையின் வீடு.

சும்சுமாரகிரியில் வாழ்ந்த நகுலபிதா தம்பதியர் புத்தரிடம் ஒரு வழி கேட்டனர். இந்தப் பிறவியைப் போலவே மறுபிறவியிலும் ஒருவரையொருவர் காண வேண்டும் என்றனர். பற்றை விடுங்கள் என்று அவர் கடிந்துகொள்ளவில்லை. நம்பிக்கை, ஒழுக்கம், ஈகை, அறிவு நான்கிலும் இருவரும் நிகராக இருந்தால் அது கைகூடும் என்றார். கடமை இருவருக்கும் ஒன்றே.

சாதுவனும் ஆதிரையும் வாழ்ந்த காவிரிப்பூம்பட்டினத்தில் அந்த நிகர் இல்லை. சாதுவன் கணிகை வீட்டில் கிடந்து, சூதாடிப் பொருளைத் தொலைத்தவன். கை வறண்டதும் அந்தக் கணிகை துரத்த, பொருள் தேடிக் கப்பலேறினான். கப்பல் உடைந்தது. அவன் மாண்டான் என்று கேட்டு ஆதிரை தீயில் இறங்கினாள், தீ சுடவில்லை. கணவன் உயிரோடிருக்கிறான் என்றது அசரீரி. தவறியவன் அவன், தீக்குள் போனவள் அவள். காப்பியத்தின் அழகில் மயங்கி இதை நாம் எளிதாகக் கடந்துவிடுகிறோம்.

நகுலமாதாவுக்கும் கணவனை இழக்கும் வேளை நெருங்கியது. நோயில் கிடந்த அவனிடம் அவள் பேசியதைப் படித்தால் வியப்பாக இருக்கும். கவலையோடு சாக வேண்டாம் என்கிறாள். தனக்குப் பருத்தி நூற்கத் தெரியும், பிள்ளைகளை வளர்க்க முடியும், இன்னொருவனை நாடமாட்டேன், ஒழுக்கத்திலும் குறையமாட்டேன் என்று ஒவ்வோர் அச்சமாக எடுத்து ஆற்றுகிறாள். அவன் பிழைத்து எழுந்தான். இப்படியொரு மனைவி வாய்த்தது பேறு என்று புத்தரே அவனிடம் சொன்னார்.

ஆனால் ஈகை என்று வந்தால் தமிழ்க் காப்பியமே முந்துகிறது. பாலிச் சூத்திரத்தில் அது நான்கு பண்புகளில் ஒன்றாக நின்றுவிடுகிறது; இங்கே கதையே அதன்மேல்தான் நடக்கிறது. நாகர் நாட்டில் கரையொதுங்கிய சாதுவன், அவர்கள் கொடுத்த கள்ளையும் ஊனையும் பெண்ணையும் மறுத்தான். உடைகலத்தில் ஒதுங்குவோரைக் கொல்லாதீர்கள் என்று அவர்களை இணங்க வைத்தான். பிறர் உயிரைக் காத்ததுதான் அவனுடைய முதல் கொடை. ஊரில் ஆதிரை, கணவன் திரும்ப வேண்டும் என்ற ஏக்கத்தோடு அறம் செய்துகொண்டிருந்தாள். தனக்காகத் தொடங்கிய கொடைதான். அதில் குறை காண எனக்கு மனமில்லை. சாதுவன் சந்திரதத்தன் கப்பலில் மீண்டபின் இருவரும் சேர்ந்தே வழங்கினர். அள்ள அள்ளக் குறையாத பிச்சைப் பாத்திரமான அமுதசுரபியில் முதல் பிச்சையை ஆதிரையிடமே பெற வேண்டும் என்று, தீராப் பசியால் வாடிய காயசண்டிகை காப்பிய நாயகி மணிமேகலைக்குச் சொன்னதும், உலகத்தின் பசி நீங்க வேண்டுமென்று ஆதிரை அதை நிறைத்ததும் அதன் பிறகுதான்.

கொடுப்பதற்கு ஆதிரை. இல்லறத்துக்கு நகுலமாதா. மணமேடைக்குப் போகிறவர்களுக்கு ஒன்றைத்தான் படிக்கத் தரலாம் என்றால், நோய்ப்படுக்கையருகே அவள் பேசிய பேச்சையே தருவேன்.