நத்தார்ப் புடிங்: கதைகளும் கைகளும்

நத்தார்ப் பண்டிகை உணவுகளுள் இங்கிலாந்தின் புடிங்கைப் போன்று கதைகளைச் சுமந்து நிற்கும் பண்டங்கள் மிகச் சிலவே. மாட்டுக்கொழுப்பு, பாண்துகள், முட்டை, சீனி, உலர்ந்த முந்திரிகை, வாசனைத் திரவியங்கள், பிராந்தி ஆகியவற்றைக் கலந்து மணிக்கணக்கில் அவித்தெடுக்கும் கரிய பண்டம் அது. 'பிளம் புடிங்' என்ற பெயரும் அதற்குண்டு. ஆனால், அதில் பிளம் பழம் கிடையாது. உலர்ந்த முந்திரிகையைப் 'பிளம்' என அழைப்பது பழைய ஆங்கில வழக்கு. இலங்கைத் தமிழர் சமையலறைகளில் அது இன்றும் 'பிளம்ஸ்' தான்.

திருவருகைக் காலத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமையிலேயே புடிங் கலக்கப்பட வேண்டும் என்பது மரபு. இறைமக்களின் உள்ளங்களைக் கிளர்ந்தெழச் செய்யுமாறு இறைவனை வேண்டும் மன்றாட்டு அன்று ஆங்கிலத் திருச்சபையில் ஓதப்படும். 'கிளரச் செய்தல்' என்பதற்கான ஆங்கிலச் சொல்லே சட்டியில் கிண்டுதலையும் குறிப்பதால், மன்றாட்டைக் கேட்ட இல்லத்தரசிகளுக்குப் புடிங் நினைவு வந்ததாம்! குடும்பத்தவர் ஒவ்வொருவரும் மனத்துள் ஒரு வேண்டுதலோடு, கீழைத்திசையிலிருந்து வந்த ஞானியரை நினைந்து, கிழக்கிலிருந்து மேற்காகக் கிண்டுவர். உள்ளே ஒரு வெள்ளி நாணயமும் இடப்படும். கிறிஸ்துவுக்கும் பன்னிரு சீடர்களுக்குமாகப் பதின்மூன்று பொருள்கள் சேர வேண்டும் என்பதும் நம்பிக்கை.

இவை அழகிய கதைகள். ஆனால், புடிங்கின் மூதாதை இத்தனை பக்திமயமானதன்று. மத்திய காலத்தில் மாட்டிறைச்சிச் சாற்றில் பாண்துகளும் உலர்பழமும் வாசனைத் திரவியமும் இட்டுக் காய்ச்சிய கூழே அது. பின்னர் துணியில் கட்டி அவிக்கும் முறை பரவியதும் கூழ் உருண்டையாயிற்று. 1843இல் சார்ல்ஸ் டிக்கன்ஸ் தமது நத்தார்க் கதையில் ஓர் ஏழைக் குமாஸ்தாவின் வீட்டு மேசையில் அதனை வைத்தார். 1845இல் எலிசா அக்டனின் சமையல் நூல் 'நத்தார்ப் புடிங்' என்ற பெயரிலேயே செய்முறை தந்தது.

புடிங்கையும் அதன் உறவான 'மின்ஸ் பை' பணியாரத்தையும் ஒலிவர் குரொம்வெல் தடைசெய்தார் என்றும், அச்சட்டம் இன்னமும் நீக்கப்படவில்லை என்றும் ஒரு கதை ஆண்டுதோறும் உலா வருகின்றது. உண்மை வேறு. நத்தாரைத் தடைசெய்தது தூய்மைவாதிகள் செல்வாக்குப் பெற்றிருந்த பாராளுமன்றம். 1644இல் டிசம்பர் 25ஐ நோன்பு நாளாக அனுஷ்டிக்கப் பணித்த அது, 1647 ஜூனில் பண்டிகையையே ஒழித்தது. குரொம்வெல் நாட்டின் காப்பாளரானது 1653இல் தான். எந்த உணவையும் அச்சட்டம் பெயர் சொல்லித் தடுக்கவுமில்லை. 1660இல் முடியாட்சி மீண்டதும், மன்னரின் ஒப்புதலின்றி இயற்றப்பட்ட அச்சட்டங்கள் யாவும் செல்லாதனவாயின.

ஆனால், அத்தடை ஏட்டில் மட்டும் இருந்ததன்று. 1647 நத்தார் தினத்தில் கடைகளைத் திறக்குமாறு கன்டர்பரி நகரபிதா வற்புறுத்தியபோது கலவரம் மூண்டது. பிற்காலத்தார் அதற்குப் 'பிளம் புடிங் கலவரம்' எனப் பெயரிட்டனர். பண்டிகையைச் சட்டத்தால் அழிக்க முனைந்தவர்கள், அது தேவாலயத்தில் மட்டுமன்றி அடுப்படியிலும் வாழ்கிறது என்பதை மறந்துவிட்டனர்.

இனி, பதின்மூன்று பொருள்களின் கணக்குக்கு வருவோம். புடிங்கை இனிக்கச் செய்த சீனி எங்கிருந்து வந்தது? கரிபியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில், அடிமைகளாக்கப்பட்ட ஆபிரிக்கரின் உழைப்பிலிருந்தே அதன் பெரும்பகுதி வந்தது. பிரித்தானியப் பாராளுமன்றம் 1833இல் அடிமை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றிய போதும், அம்மக்களுக்கு முழு விடுதலை கிடைத்தது 1838இல் தான். டிக்கன்ஸின் கதை வெளியாகுமுன் அதற்கு ஐந்தாண்டுகளே கழிந்திருந்தன.

கறுவாவின் கதை நமது மண்ணுக்கு உரியது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அடுத்தடுத்து இலங்கையின் கறுவாவைத் தம் ஏகபோகமாக்கிக் கொண்டனர். பட்டை உரிக்கும் கட்டாய ஊழியம் சலாகம சமூகத்தினர் மீது சுமத்தப்பட்டது. ஒல்லாந்தர் ஆட்சியில் களவாகக் கறுவா விற்றவருக்கு மரணதண்டனையும் விதிக்கப்படலாம். 1769இல் அவர்கள் மருதானையில் பயிரிடத் தொடங்கியதன் நினைவு, கொழும்பின் செல்வந்தர் வாழும் 'கறுவாத்தோட்டம்' என்ற பெயரில் எஞ்சியிருக்கின்றது. ஏகபோகம் ஒழிந்தது 1833இல்.

1927இல் பேரரசு விற்பனைச் சபை, அரண்மனைச் சமையற்காரரின் 'பேரரசுப் புடிங்' செய்முறையை வெளியிட்டது. அவுஸ்திரேலிய முந்திரிகை, சன்சிபார் கராம்பு, ஜமெய்க்கா ரம் ஆகியவற்றோடு இலங்கைக் கறுவாவும் அதில் இடம்பெற்றது. ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே நாட்டின் பெயர் இருந்தது. உழைத்தவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பொருள்களோ பதின்மூன்றையும் தாண்டியிருந்தன!

பண்டிகையின் இனிமையைக் குறைப்பது இவ்வரலாற்றின் நோக்கமன்று. பிள்ளைகள் கிழக்கிலிருந்து மேற்காகக் கிண்டட்டும், வெள்ளிக்காசைத் தேடட்டும். ஆயினும், பன்னிரு சீடரைத் தவறாது எண்ணிய அந்த மரபு, கரும்பு வெட்டியவரையும் கறுவாப்பட்டை உரித்தவரையும் எண்ண மறந்தது. தொழுவத்தில் பிறந்தவரின் பெருநாளில் முதலில் நினைக்கப்பட வேண்டியவர்கள் அவர்களல்லவா?