பிழையடிப்பு நாணயங்கள்: யாழ்ப்பாணமும் தீவகமும்

அச்சு விலகியும், உரு இரட்டித்தும், ஒரு காசுக்குரிய தகட்டில் இன்னொரு காசின் அச்சு விழுந்தும் நாணயச்சாலையை விட்டு வெளியேறியவை பிழையடிப்பு நாணயங்கள். காசுத்தகடே அல்லாத பொருளில் அச்சுப் பதிந்தவையும் இவற்றோடு சேர்த்தே சேகரிக்கப்படுகின்றன. ஐக்கிய அமெரிக்காவின் 1943ஆம் ஆண்டு ஒரு சதம் உலகறிந்தது: நாகம் பூசிய உருக்கில் அடிக்கவேண்டிய அந்தப் போர்க்காலக் காசு, எஞ்சிக் கிடந்த வெண்கலத் தகடுகள் சிலவற்றிலும் அடிபட்டுவிட்டது. 10 சத அச்சு விழுந்த ஆணியொன்றும் அந்நாட்டில் ஏலம் போயிருக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு முதலான தீவுகளிலும் புழங்கிய பழங்காசுகளுக்கு இந்த வரையறை அவ்வளவாகப் பொருந்துவதில்லை. சம்மட்டியால் அடித்த காசில் அச்சு விலகுவதே வழமை. கம்பியும் பாளமும் அங்கே தவறுதலாக அல்ல, தெரிந்தே காசாக்கப்பட்டன.

மிகப் பழைய சான்றுகள் குடாநாட்டின் கந்தரோடையிலிருந்து வருகின்றன. ஆய்வாளர் போல் பீரிஸ் 1917ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கு திரட்டியவற்றில் முத்திரைக் காசுகளும், உரோமக் காசுகளும், இலக்குமி உருவம் கொண்ட நீள்சதுரத் தகடுகளும் உள்ளன. நயினாதீவில் உள்ள, மன்னன் முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு காசைப் பற்றியதன்று. வேற்றுநாட்டு வணிகர் ஊராத்துறையில் (இன்றைய ஊர்காவற்றுறை) வந்திறங்க வேண்டும் என்றும், யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் உடைந்தால் காற்பங்கும் மற்றைச் சரக்குக் கலம் உடைந்தால் அரைப்பங்கும் அரச பண்டாரத்துக்கு என்றும் அது விதிக்கிறது. பிறநாட்டுப் பணம் தீவகத்துக்கு வந்த வழியை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் ஆவணம் அரிது.

யாழ்ப்பாண அரசரின் செப்புக் காசுகளில் ஒரு பக்கம் நிற்கும் மனித உரு, மறுபக்கம் படுத்த எருதும் பிறையும், கீழே ‘சேது’ என்ற சொல். இவை இராமநாதபுரத்துச் சேதுபதிகளுடையவை என்ற கருத்து முன்னர் நிலவியது. வரலாற்றாய்வாளர்களான சுவாமி ஞானப்பிரகாசரும் முதலியார் இராசநாயகமும் யாழ்ப்பாண அரசரான ஆரியச்சக்கரவர்த்திகளுக்கே உரியவை என வாதிட்டனர். இன்று பெரும்பாலோர் ஏற்பது பின்னதையே. எனினும் எந்த வகையை எந்த அரசன் வெளியிட்டான் என்பதில் ஒருமித்த முடிவு இல்லை. வில்லையை விட அச்சுப் பெரிதாக இருந்தால் எழுத்தில் பாதி வெளியே போய்விடும். அதைப் பிழையென்று எடுத்துவைத்தால் பல பெட்டிகள் வேண்டியிருக்கும்.

பாரசீக வளைகுடாப் பகுதியின் லார் நகரப் பெயரால் வழங்கிய லாரின் என்ற காசு, தட்டையான வில்லை அன்று. ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் நீள வெள்ளிக் கம்பியை இரண்டாக மடித்து, மேலே அச்சால் அறைந்தது. இலங்கையில் அதை மேலும் வளைத்துத் தூண்டில் முள்ளைப் போலாக்கினர். கம்பியின் அகலம் அச்சுக்குப் போதாது. ஆகவே முழு வாசகம் ஒன்றிலும் விழ வழியில்லை. வளைகுடாவிலிருந்து வந்தவை எவை, பீஜப்பூர் வழியாக வந்தவை எவை, உள்ளூரில் செய்தவை எவை என்று பிரிப்பது எளிதன்று. பொருளற்ற கீறல்களே அரபெழுத்தாக நிற்பவற்றை உள்ளூர் வேலை எனக் கொள்வர். கண்டியில் சிறையிருந்து 1681இல் நூல் வெளியிட்ட றொபேட் நொக்ஸ், அரசனின் இசைவோடு எவரும் இந்தக் காசைச் செய்து விரும்பிய குறியை இடலாம் என எழுதுகிறார். பிழை என்ற பேச்சுக்கே இடமில்லாத நாணயமுறை அது.

போர்த்துக்கேயர் காலத்தில் வெள்ளித் தங்காக்கள் புழங்கின. ஒல்லாந்தர் வந்ததும் அவற்றில் சிலவற்றின் மேல் தம் கிழக்கிந்தியக் கும்பனியின் முத்திரையைக் குத்தி மீண்டும் செலாவணிக்கு விட்டனர்.

1658 யூனில் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் வசமானது. தீவுகளுக்கு அவர்கள் தம் நகரங்களின் பெயரை இட்டனர்: ஊர்காவற்றுறை அமைந்த தீவு லெய்டன், நயினாதீவு ஹார்லம், புங்குடுதீவு மிடல்பர்க், நெடுந்தீவுக்கு இட்ட டெல்ப்ற் மட்டும் இன்றும் வழக்கிலுள்ளது. கும்பனியின் செப்புத் துட்டுகளில் ஒரு பகுதி சீலாந்து மாகாணத்து மிடல்பர்க் நகர நாணயச்சாலையில் அடிக்கப்பட்டது. அந்த மிடல்பர்க்கில் பிறந்த துட்டு இந்த மிடல்பர்க்கில் செலவழிந்திருக்கக்கூடும் என நினைப்பதில் தவறில்லை.

1780இல் தொடங்கிய ஆங்கில–ஒல்லாந்தப் போர் கும்பனியின் கப்பல் வரத்தை முறித்தது, காசுக்கு முடை. 1785இல் கொழும்பில் கடன்சீட்டுகள் வெளியாயின. அதே ஆண்டில், நாகசாக்கித் துறைவழி கும்பனி வாங்கிவந்த யப்பானியச் செப்பின் பாளங்களில் இரு முனையிலும் முத்திரையிட்டு 4¾ ஸ்டைவர் என மதிப்புக் குறித்தனர். செம்பின் எடைக்குரிய விலையே மதிப்பானதால்தான் இந்த விசித்திரக் கணக்கு என்று கொள்ளப்படுகிறது. நாணயச் சேகரிப்பாளர் பெரிதும் தேடுபவற்றில் இப்பாளமும் ஒன்று.

இதே காலத்துச் சில்லறை தடித்த ஸ்டைவர்கள். 48 ஸ்டைவர் ஒரு றிக்ஸ்டொலர். செப்புக் கோலைத் துண்டு துண்டாக வெட்டி, தட்டி, அச்சால் அறைந்தனர். ஒரு பக்கம் கும்பனியின் பின்னல் எழுத்து, அதன் மேல் நாணயச்சாலை ஊரின் உரோம முதலெழுத்து: கொழும்புக்கு சீ, காலிக்கு ஜீ, திருகோணமலைக்கு ரீ, யாழ்ப்பாணப்பட்டினத்துக்கு ஐ. மறுபக்கம் மதிப்பும் ஆண்டும். துண்டு சிறிது, அச்சுப் பெரிது. ஆகவே எல்லாம் ஒரே காசில் பதிந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. மேல்விளிம்பு வெட்டுப்பட்ட காசு நான்கு ஊரில் எந்த ஊரினது என்று சொல்ல வழியில்லை. ஓரத்தில் கோல் வெட்டிய வடு தெரியும். இன்றைய ஏலத்தில் இவ்வளவும் குறையாக எண்ணப்படும். ஆனால் குறையற்ற யாழ்ப்பாண ஸ்டைவரை ஐயத்தோடு பார்ப்பதே நல்லது.

1795 செப்ரெம்பரில் யாழ்ப்பாணம் பிரித்தானியர் கைக்கு மாறியது. அவர்களும் 1801 முதல் தடித்த செப்புக் காசுகளையே முதலில் அடித்தனர். அவற்றில் யானை உருவம் உண்டு. இலண்டன் இயந்திரங்களின் வேலை வந்த பின்னரே இங்கு காசின் வட்டமும் எடையும் சீராயின. விலகிய அச்சு அதன்பின்தான் கவனிக்கத்தக்க ஒன்றானது. 1872இல் ரூபாவும் சதமும் வந்தன. 20ஆம் நூற்றாண்டில் 5 சதம் சதுரமாகவும் 2 சதம் அலைவிளிம்போடும் வந்ததால் தகடு மாறி விழுந்தால் கண்ணுக்கு உடனே தெரியும்.

2005 முதல் ஒரு பத்தாண்டுக்கு மேல் ரூபாக் காசுகள் முலாமிட்ட உருக்கில் வந்தன. அவற்றில் முலாம் விடுபட்டவை சேகரிப்பாளரிடம் உள. ஆனால் உப்புக்காற்றிலோ அமிலத்திலோ முலாம் உரிந்த காசும் அப்படியே தோன்றும் என்பதால், எடைபார்க்காமல் எதையும் நாணயச்சாலைப் பிழையாகப் பதிவதில்லை.