பலகையிற் பிறந்த முழவோசை

முழவு கற்க விரும்பும் சிறுவன் ஒருவன் வன்னிப் பெருநிலத்திலே இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் ஊர் கிளிநொச்சியாகவோ முல்லைத்தீவாகவோ வவுனியாவாகவோ இருக்கலாம். கோயில் திருவிழாவிலே தவிலோசை கேட்டு அவன் உள்ளம் துள்ளுகிறது; விரல்கள் தாமாகவே முழங்காலிலே தட்டத் தொடங்குகின்றன. ஆனால் தந்தையாரோ வயலை நம்பி வாழ்பவர். மழை பிழைத்தால் விளைவும் பிழைக்கும். மகனுக்குத் தவில் வாங்கிக் கொடுக்க அவருக்கு மனம் உண்டு. கையிலே பொருள் இல்லை. இந்நிலையிலே அச்சிறுவன் என்ன செய்வது? முழவு இல்லாமல் முழவு கற்க இயலுமா?

இயலும் என்பதே வரலாறு தரும் விடை. முழவு கற்பவன் முதலிலே தேடவேண்டியது முழவன்று. நல்லாசிரியனும், ஒரு மரப்பலகையும், தளராத கையுமேயாம். அந்தப் பலகையின் வரலாற்றையும், அதனைத் தேர்ந்துகொள்ளும் முறையையும் இன்று ஆராய்வோம்.

தமிழருடைய வாழ்க்கையிலே முழவுக்கு உள்ள இடம் மிகப் பழைமையானது. தொல்காப்பியனார் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைத் தொகுத்துரைக்கும்போது, தெய்வம், உணவு, மரம், புள் முதலியவற்றோடு பறையையும் சேர்த்து எண்ணினார். ஒரு நிலத்தை அதன் பறையாலும் அறியலாம் என்பது அன்றைய கொள்கை. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலே தண்ணுமை ஆசிரியனின் தகுதிகள் விரிவாகக் கூறப்படுகின்றன. அவன் ஆடலும் பாடலும் அறிந்திருத்தல் வேண்டும். ஏனைய கருவிகளின் ஓசை தாழுமிடத்து அதனை நிரப்பவும், மிகுமிடத்துத் தன் கையை அடக்கவும் தெரிந்திருத்தல் வேண்டும். அவன் வைத்திருந்த தண்ணுமை என்ன விலை பெற்றது என்று இளங்கோவடிகள் கூறவில்லை. அவன் பெற்றிருந்த அறிவையே கூறினார். இது நாம் மனத்திற் கொள்ளத்தக்கது.

அச்சிலப்பதிகாரத்தின் தலைவி கண்ணகி வன்னியிலே தெய்வமாக விளங்குகின்றாள். நந்திக்கடலோரத்து வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலிலே வைகாசித் திங்களில் நிகழும் பொங்கலும், கடல்நீரிலே விளக்கெரியும் மரபும் நாடறிந்தவை. முள்ளியவளைப் பகுதியிலே வளர்ந்த கோவலன் கூத்தும் அக்கதையையே பொருளாகக் கொண்டது. கூத்துக் களரியிலே மத்தளத்தின் பக்கத்தில் நிற்பவர் அண்ணாவியார். பாட்டும் ஆட்டமும் தாளமும் அவரைச் சுற்றியே இயங்கும். ஆகவே முழவு வன்னிக்கு வந்த விருந்தாளி அன்று. அது இந்த மண்ணின் வீட்டுப்பிள்ளை.

வன்னியிலே வழங்கும் முழவுகள் ஒருவகையின அல்ல. ஈழத்துப் பறை இருபுறமும் தோல் போர்த்தது, கழிகொண்டு முழக்கப்படுவது. தமிழகத்திலே பறை என்று வழங்கும் ஒருமுகக் கருவியின் இனத்தைச் சேர்ந்தது தப்பு. 1977 ஆம் ஆண்டின் வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளிலே வந்து குடியேறிய மக்களுடைய மரபுச்செல்வம் அது. தீயிலே வாட்டித் தோலை முறுக்கேற்றி, இரு குச்சிகளால் அதனை அடிப்பர். கூத்துக்கு மத்தளம், இசையரங்குக்கு மிருதங்கம், கோயிலுக்கும் மணவறைக்கும் தவில். இவற்றோடு பாடசாலைகளின் பாண்ட் வாத்தியக் குழுக்களும் இன்று சேர்ந்துள்ளன. இல்ல மெய்வல்லுநர் போட்டிகளிலே அணிநடைக்கு முன்செல்லும் சிறு முரசும் நம் பிள்ளைகள் பயிலும் கருவியாகிவிட்டது.

இனி, இவற்றைக் கற்பிக்கும் முறையை நோக்குவோம். தவில் பயில வந்த சிறுவனுடைய தோளிலே ஆசிரியர் முதல் நாளே தவிலை மாட்டிவிடுவதில்லை. முதலிலே வாய் பழகவேண்டும். தா, தீ, தொம், நம் என்னும் சொற்களை, கையினாலே தாளமிட்டுக்கொண்டு, காலம் வழுவாமல் அவன் சொல்லுதல் வேண்டும். முதற்காலத்திலே சொன்னதை இரண்டாங்காலத்திலும், பின்னர் மூன்றாங்காலத்திலும் சொல்லவேண்டும். வாயிலே தெளிவாக வராத சொல் கையிலே தெளிவாக வாராது என்பது ஆசிரியர்களின் துணிபு. வாய் பழகியபின் கை பழகவேண்டும். அதற்குத்தான் கனத்த மரக்கட்டையோ பலகையோ முன்னே வைக்கப்படும். இடக்கையிலே கழியும், வலக்கையிலே வெறும் விரல்களுமாகச் சிறுவன் பாடத்தை அதிலே தட்டுவான்.

தவிலை ஒதுக்கிவைத்துப் பலகையைக் கொடுத்ததற்குக் காரணங்கள் பல. தவிலின் உடல் பலாமரத்தைக் குடைந்து செய்யப்படுவது. அதற்குத் தோல் கட்டுவது தனியொரு தொழில். பழகாத கை தாறுமாறாக அடித்தால் தோல் கெடும்; மீண்டும் கட்டுவதற்குப் பொருள் செலவாகும். பலகைக்கு அந்த அச்சம் இல்லை. அடுத்தது ஓசை. தவிலின் முழக்கம் தெருக்கோடிவரை கேட்கும். பிழையான பாடத்தை நாள்தோறும் நான்கு நாழிகை ஊரார் கேட்டுக்கொண்டிரார். எல்லாவற்றினும் சிறந்த காரணம் கைவலிமை பற்றியது. இறுக்கிய தோல் தன்மேல் விழுந்த கழியைத் தானே மேலே எறியும். மரம் அவ்வளவு எறியாது. ஆகையாற் பலகையிலே பயில்பவன் ஒவ்வோர் அடிக்கும் தன் மணிக்கட்டினாலேயே கழியை எடுக்கவேண்டியவனாகிறான். ஈராண்டு பலகையிலே உழைத்த கை தவிலைத் தொடும்போது, சுமையிறக்கிய எருது நடப்பதுபோல எளிதாக நடக்கும்.

யாழ்ப்பாணத்து இணுவிலிலே 1933 ஆம் ஆண்டு பிறந்து 1975 ஆம் ஆண்டு மறைந்த தவில் மேதை தட்சிணாமூர்த்தியை அறியாதார் இலர். தந்தையார் விசுவலிங்கமும் தவில் வல்லுநரே. தமிழகத்து இசைவாணரும் வியந்து போற்றிய கை அவருடையது. அத்தகைய கை தானாக வளர்வதன்று. வீட்டுத் திண்ணையிலே இரவும் பகலும் பாடம் ஒலித்த குடும்பச் சூழலிலே வளர்ந்தது. வன்னிச் சிறுவனுக்குக் குறைவாக இருப்பது அறிவன்று, அந்தச் சூழலேயாம். பயிற்சிப் பலகை அச்சூழலின் ஒரு பகுதியையேனும் அவனுடைய குடிசைக்குள் கொண்டுவந்து சேர்க்கவல்லது.

இது தமிழர்க்கு மட்டும் உரிய வழக்கம் என்று எண்ணவேண்டா. மேல்நாட்டுப் படைமுரசு பயில்வோரும் அடிப்படைப் பாடங்களை வகுத்துக்கொண்டனர். 1933 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவிலே கூடிய முரசு வல்லுநர்கள் இன்றியமையாத பதின்மூன்று பாடங்களைத் தேர்ந்து, அவற்றை வாசித்துக் காட்டுவோரையே தம் சங்கத்திற் சேர்ப்பதென்று விதித்தனர். அப்பாடங்களை அவர்கள் வீட்டிலே பயிலுவது மரத்தின்மேல் இறப்பர் ஒட்டிய சிறு பலகையிலே. கடைகளிலே ‘பிராக்டிஸ் பாட்’ என்று விற்கப்படுவது அதுவேயாம். யப்பானியருடைய தைக்கோ என்னும் பெருமுரசோ விலை மிக்கது. ஆகவே பல தைக்கோக் குழுவினர் பழைய மோட்டார் வண்டி டயரின் வாயைப் பொதிகட்டும் ஒட்டுநாடாவினாலே இறுக்கிச் சுற்றி, அதன்மேல் அடித்துப் பயில்கின்றனர். செல்வம் மிகுந்த நாட்டவர் பழைய டயரிலே பயில நாணவில்லையென்றால், நாம் பலகையிலே பயில ஏன் நாணவேண்டும்?

சிறுவன் தனக்கேற்ற பலகையை எவ்வாறு தேர்ந்துகொள்வது? கடையிலே வாங்கினாலும் வீட்டிலே செய்தாலும் பார்க்கவேண்டியவை சிலவே.

முதலாவது, எந்த முழவுக்கு இது என்று தெளிதல் வேண்டும். இருகையிலும் கழிபிடிக்கும் பறைக்கும் தப்புக்கும் பாண்ட் முரசுக்கும் பலகை மிகப் பொருந்தும். தவிலுக்கு அதன் இடக்கைப் பயிற்சி முழுமையாகவும், வலக்கைப் பயிற்சி பெரும்பாலும் பொருந்தும். மிருதங்கத்துக்கும் மத்தளத்துக்கும் பலகை விரலொழுங்கை மட்டுமே தரும்.

இரண்டாவது, கழி மீண்டெழும் அளவைச் சோதித்தல் வேண்டும். ஒரு சாண் உயரத்திலிருந்து கழியின் நுனியைப் பலகையின்மேல் விழவிட்டுப் பார்க்கலாம். பலமுறை துள்ளினால் அது கையைச் சோம்பேறியாக்கும். தலையணையிலே விழுந்ததுபோல அடங்கிப்போனால் தொடக்கக்காரனுக்கு விரைவு வாராது. இரண்டு மூன்று முறை தெளிவாகத் துள்ளி அடங்குவதே நடுநிலையானது. வெறும் மரத்திலே ஓசை மிகுமானால், பழைய வண்டிச் சக்கரத்து இறப்பர் டியூபிலிருந்து ஒரு துண்டை வெட்டி மேலே ஒட்டலாம். அதனையும் ஒற்றைப் படையாக ஒட்டினாற் போதும்.

மூன்றாவது, கனமும் நிலைபேறும். ஓரடிச் சதுரமும் ஓரங்குலக் கனமும் உள்ள பலகை ஒரு சிறுவனுக்குப் போதுமானது. வெடிப்பும் ஆணியும் இல்லாததாக, நன்கு உலர்ந்ததாக இருத்தல் வேண்டும். தச்சுப்பட்டறையிலே எஞ்சிக் கிடக்கும் வேம்போ பலாவோ முதிரையோ இதற்கு உதவும். அடியிலே சாக்கை மடித்து விரித்தால் பலகை நகராது. அண்டை வீட்டாருக்கும் இடையூறு குறையும்.

நான்காவது, வைக்கும் உயரம். உண்மையான முழவு எந்த உயரத்திலே இருக்குமோ, பலகையும் அந்த உயரத்திலே இருத்தல் வேண்டும். தரையிலே வைத்துக் குனிந்து பயின்ற முதுகு, பின்னர் முழவின் முன்னே நிமிர மறுக்கும். கழியும் அவ்வாறே. தவிலுக்குப் பூவரசங்கழி என்றால் பலகைக்கும் பூவரசங்கழியே வேண்டும். வேலியிலே கிடைப்பதால் அதற்குப் பெருஞ்செலவும் இல்லை.

பலகையின் குறையையும் மறைத்தல் ஆகாது. மிருதங்கத்தின் வலந்தலையிலே கரணை இடுவதும், தொப்பியிலே ரவை பூசுவதும், தவிலுக்கு விரற்கூடு அணிவதும் நாதத்தின்பொருட்டேயாம். அந்த நாதத்தைப் பலகை கற்பிக்காது. பலகை கையைத் தரும், காதைத் தராது. ஆதலால் வாரத்துக்கு ஒருமுறையேனும் ஆசிரியருடைய முழவிலே அமர்ந்து நாதத்தை அறிதல் இன்றியமையாதது. ஒரு பாடசாலையிலே ஒரு தவிலும் பத்துப் பலகையும் இருந்தாற் பதின்மர் கற்கலாம். பத்துத் தவில் வாங்கப் பணம் சேரட்டும் என்று காத்திருந்தால் ஒருவரும் கற்கமாட்டார்.

இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2008 ஆம் ஆண்டிலும் 2009 ஆம் ஆண்டிலும் வன்னி மக்கள் ஊர்விட்டு ஊர் ஓடினர். போரின் இறுதி நாட்கள் நந்திக்கடலோரத்திலேயே கழிந்தன. அதன்பின் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வவுனியாவின் மெனிக் பாம் முதலிய முகாம்களிலே இருந்தனர். 2012 ஆம் ஆண்டு செப்டெம்பரிலேதான் மெனிக் பாம் மூடப்பட்டது. உயிரைக் காக்க ஓடுபவன் தோளிலே பிள்ளையைச் சுமப்பானேயன்றித் தவிலைச் சுமக்கமாட்டான். வீடும் ஏடும் போனதுபோலக் கருவிகளும் போயின. கருவி போனாலும் கலை போகாது, வாய்ச்சொல்லும் கைப்பழக்கமும் எஞ்சியிருக்குமானால். அவை அடுத்த தலைமுறைக்குச் சென்று சேராவிட்டால், பின்பு எத்தனை தவில் வாங்கிக் குவித்தாலும் அவை மௌனமாகவே கிடக்கும்.

இன்னுமொன்று. முழவு கொட்டியவர்களை நம் சமுதாயம் நன்றாக நடத்தவில்லை. பறையோசையின்றி ஒரு சடங்கும் நடவாது என்று சொல்லிக்கொண்டே, பறை கொட்டியவனை வாசலுக்கு வெளியே நிறுத்தினோம். அந்த இழிவைச் சுமக்க மறுத்து அவர்களுடைய பிள்ளைகள் பலர் பறையைக் கீழே வைத்தனர். அவர்களைக் குறைகூற நமக்கு உரிமை இல்லை. கலை குறைந்துவிட்டதே என்று இன்று வருந்துபவர்கள், அதன் காரணத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பாடசாலை மண்டபத்திலே வரிசையாக இட்ட பலகைகளின் முன்னே எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து ஒரே பாடத்தைத் தட்டுவார்களானால், அன்று முழவு உண்மையாகவே பொதுச்சொத்தாகும். பலகை எவனையும் நீ எந்தக் குலம் என்று கேட்பதில்லை.

நேயர்களே, 1931 ஆம் ஆண்டு தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகள் இசை பயிலும் நம் மாணவர்க்கு நெடுங்காலமாக வழிகாட்டி வந்துள்ளன. பரீட்சை மண்டபத்திலே நல்ல கருவியோடு அமரும் மாணவன், அதற்கு முன் ஆயிரம் நாழிகையை ஏதோ ஒரு பலகையின்முன் கழித்திருத்தல் வேண்டும். உங்கள் வீட்டிலும் முழங்காலிலே தாளந்தட்டும் பிள்ளை இருக்கலாம். அவனை அதட்டவேண்டா. தச்சரிடம் ஒரு துண்டுப் பலகை கேட்டு வாங்குங்கள். வேலிப் பூவரசிலே ஒரு கழி வெட்டிக் கொடுங்கள். நல்லாசிரியர் ஒருவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தவிலை வாங்கும் நாள் பின்னர் வரட்டும். அந்நாள் வரும்போது, அதனை முழக்க ஒரு கை ஆயத்தமாக இருக்கும்.