கருவூலக் கணக்கும் கசிந்த உள்ளமும்

குற்றத்தை மறைத்தல் எளிது; மறைத்தபின் மனம் அமைதியுற்று வாழ்தல் அரிது. இவ்வுண்மையை நம் நாட்டு இலக்கியமும் இசையும் எங்ஙனம் காட்டின என்று ஆராயப் புகுந்தால், இரண்டு அரசாங்க அலுவலர்களின் வரலாறு நம்முன் வந்து நிற்கின்றது. ஒருவர் பாண்டியநாட்டு அமைச்சர். மற்றவர் கோல்கொண்டா அரசின் வரி அலுவலர். இருவரும் அரசின் பணத்தைக் கோயிலுக்குச் செலவிட்டனர், அதனால் தண்டனையுற்றனர், பாடினர்.

இவர்கட்கு முன்னரே, குற்றத்தை மறைத்தே ஒழிந்தவன் ஒருவனைச் சிலப்பதிகாரம் காட்டுகின்றது. கோப்பெருந்தேவியின் சிலம்பைக் கவர்ந்த பொற்கொல்லன், தன் களவு வெளிப்படாதிருக்கக் கோவலன்மேல் பழியை ஏற்றினான். அவன் நெஞ்சம் வருந்தியதாக இளங்கோவடிகள் ஓரடியும் பாடினாரில்லை. கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கப் பரல் தெறித்தபோது, தன் பிழையை அவையறிய ஏற்று உயிர் துறந்தவன் பாண்டியனே. காப்பியம் அவனுக்கே தலை வணங்குகின்றது.

மாணிக்கவாசகர் மதுரையை அடுத்த திருவாதவூரில் தோன்றியவர். 9ஆம் நூற்றாண்டினர் என்பர் அறிஞர் பலர். அரிமர்த்தன பாண்டியனுக்குக் குதிரை வாங்கக் கொண்டுசென்ற பொருளைத் திருப்பெருந்துறைக் கோயிலுக்குச் செலவிட்டார் என்று திருவிளையாடற் புராணம் கூறும். இறைவன் நரிகளைப் பரிகளாக்கிக் கொணர்ந்தான். இரவில் அவை மீண்டும் நரிகளாயின. அமைச்சர் வைகையின் சுடுமணலில் நிறுத்தப்பட்டார்.

ஆயினும், திருவாசகத்தில் நாம் காணும் குற்ற உணர்வு குதிரைப் பணத்தைப் பற்றியதன்று. மெய்யடியார் நடுவே தாமும் ஓர் அடியார்போல் நடித்து வந்ததாகவே அவர் தம்மைக் குறை கூறிக்கொள்கின்றார். பாண்டியனின் எந்தக் கணக்காயரும் கண்டுபிடிக்க இயலாத மறைபொருள் இது! அதனைத் தாமே வெளியிட்டுக் கதறுகின்றார். ‘நீத்தல் விண்ணப்பம்’ என்னும் பகுதியின் 50 பாடல்களும், என்னைக் கைவிட்டு விடாதே என்னும் ஒரே வேண்டுகோளின் விரிவாகும். ஓதுவார்கள் திருவாசகத்தை மோகனப் பண்ணில் இசைக்கக் கேட்டு உருகாத உள்ளம் யாது?

மற்றவர், பத்ராசல ராமதாசர் எனப்படும் கஞ்சர்ல கோபண்ணா. 17ஆம் நூற்றாண்டில், 1672 முதல் 1687 வரை கோல்கொண்டாவை ஆண்ட தானாஷாவின் காலத்தில், வரிப்பணத்தைக் கொண்டு இராமன் கோயிலை எழுப்பிச் சிறைப்பட்டார். அவர் பாடிய சிறைச்சாலைக் கண்ட இன்றும் கோல்கொண்டாக் கோட்டையில் காட்டப்படுகின்றது. சீதைக்கும் தம்பியர்க்கும் செய்வித்த அணிகளை விலையோடு எண்ணிக் காட்டி, எவர் பணத்தில் இவற்றை அணிந்து திரிகின்றாய் என்று இராமனையே ஏசுகின்றார். அடுத்த கணமே, அடியின் வலி பொறாமல் ஏசிவிட்டேன், வருந்தாதே என்று மன்னிப்பும் வேண்டுகின்றார். ஒரே பாட்டில் வழக்கும் உண்டு; வழுவை உணர்ந்த நெஞ்சும் உண்டு. பிற்காலத்தில் தியாகராசர் (1767–1847) தம் கீர்த்தனையில் இவர் சிறை நீங்கிய செய்தியை நினைந்து உருகினார்.

இக்கதையின் முடிவு நாம் ஊன்றி நோக்கற்பாலது. இராமனும் இலக்குவனும் நள்ளிரவில் தானாஷாவிடம் வந்து, 6 இலட்சம் வராகனையும் செலுத்திப் பற்றுச்சீட்டுப் பெற்றுச் சென்றனர் என்பது வழிவழி வந்த செய்தி. நாளெல்லாம் பற்றுச்சீட்டுகளோடு பழகும் எமக்கு இது பெருவியப்பை அளிக்கின்றது. பக்தனுக்காகக் கணக்கைத் தள்ளிவிடுமாறு இறைவன் அரசனைக் கேட்டானில்லை, கணக்கைத் தீர்த்தான். நற்செயலுக்கே செலவிட்டேன் என்பது பொதுப்பணத்திற்கு விடையாகாது என்பதைப் பத்தி இலக்கியமே ஒப்புக்கொண்டது.

தலைநகரில் வந்து குடியேறிய நம்மிற் பலர், பிறர் பணத்திற்குக் கணக்கெழுதி வாழ்ந்தவர்கள். நம் மக்களும் அவ்வழி நிற்பவர்கள். கரோல் பாக்கில் நாம் கூடிப் பாடும் பசனைகளில் ராமதாசர் கீர்த்தனை ஒலிக்கும்போது, அதன் இனிமையோடு அச்சிறைச்சாலையையும் அப்பற்றுச்சீட்டையும் நம் சிறுவர்க்கு எடுத்துரைப்போமாக. தணிக்கைக்கு அகப்படும் பிழையும் உண்டு. அகப்படாத பிழையும் உண்டு. பின்னதைத் தாமே எடுத்துரைத்த பெரியோரின் குரலே திருவாசகமாய் நம் இல்லங்களில் ஒலிக்கின்றது.